வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸி எதற்கு?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பதிவு எண்ணை டைப் செய்து என்டர் தட்டியவர்களில் பலர், மதிப்பெண்ணுக்குப் பதிலாக வெள்ளைத் திரையில் "502 பேட் கேட்வே" என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். "சர்வர் படுத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முயன்றிருப்பீர்கள். உண்மையில் அந்த நேரத்தில் ஒரு சர்வர் நன்றாகவே இயங்கிக் கொண்டிருந்தது. அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியதே அதுதான். அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு சர்வர் ஒழுங்கான பதில் தரவில்லை என்பதைத்தான் அது உங்களிடம் சொன்னது. இப்படி வாசலில் நின்று வருபவருக்குப் பதில் சொல்லும் சர்வருக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று பெயர்.

"இது பெரிய நிறுவனங்களின் சங்கதி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் எனக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். இணையதளங்களைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்பவர் என்றால் உங்களுக்குத் தேவையே இல்லை. தாராளமாக அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ கற்றுக் கொண்டு, சொந்தமாக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் என் கருத்து இதுதான்: உங்கள் அப்ளிகேஷனில் இரண்டாவது புரோகிராம் சேரும் அன்றே, உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை அமைத்து விடுங்கள். சர்வர் வாடகைக்கு எடுக்கும் நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். நான் தள்ளிப் போட்டேன். அதன் பலனை ஒரு மிளகாய்க் கடையில் அனுபவித்தேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே உள்ள ஒரு கிராமம் எனக்கு. கண்மாய் நிறைந்த வருடம் நெல். இல்லாவிட்டால் மிளகாய், பருத்தி, கம்பு என்று மானாவாரியில் பிழைக்கும் ஊர். தமிழக அரசு 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த லேப்டாப்தான் எங்கள் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். அதில் தொடங்கி, இன்ஜினியரிங் முடித்து, இப்போது சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். என் சித்தப்பா அருப்புக்கோட்டையில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். "கம்ப்யூட்டர் படிச்சவன் நீ, இந்த எடைச் சிட்டைக்கு ஒரு வழி பண்ணேன்டா" என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்.

ஒரு மாசி மாதம், வத்தல் வரத்துக்கு முன்பாக எழுதி முடித்தேன். இரண்டு புரோகிராம்கள். ஒன்று திரையில் தெரிவது. என் லேப்டாப்பில் 3000 என்ற போர்ட்டில் இயங்கும். மற்றொன்று கணக்கு வைப்பது. 8000 என்ற போர்ட்டில் இயங்கும். மூட்டை வந்ததும் சாக்கில் ஒட்டிய சீட்டை போன் கேமராவில் காட்டினால் விவசாயியின் பெயர் வர வேண்டும், எடையை டைப் செய்தால் சிட்டை தயாராக வேண்டும். சென்னை அறையில் நான்கு வாரம் சோதித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

கடையில் லேப்டாப்பை மேஜை மேல் வைத்து, சித்தப்பாவின் போனை கடை வைபையில் இணைத்து, லேப்டாப்பின் ஐ.பி. எண்ணை டைப் செய்தேன். திரை அழகாக வந்தது. விவசாயிகள் பட்டியல் மட்டும் காலியாக இருந்தது. காரணம், கணக்குப் புரோகிராமின் முகவரியாக "லோக்கல்ஹோஸ்ட் 8000" என்று நான் எழுதி வைத்திருந்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இதே கம்ப்யூட்டர்" என்று பொருள். போனில் திறக்கும்போது "இதே கம்ப்யூட்டர்" என்பது போன்தானே? அது தன்னையே தேடிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றது.

முகவரியை மாற்றினேன். இப்போது பிரவுசர் தடுத்தது. 3000ல் இருந்து வந்த பக்கம் 8000ல் இருப்பதைப் படிக்க அனுமதி இல்லை என்றது; கோர்ஸ் என்ற கட்டுப்பாடு அது. வீட்டில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருந்ததால் இது வரை தெரியவில்லை. அவசரத்தில் எல்லோருக்கும் அனுமதி என்று மாற்றினேன். (இது தவறு, நீங்கள் செய்யாதீர்கள்.) பட்டியல் வந்தது. ஆனால் கேமரா திறக்கவில்லை.

அதற்குள் மணி பதினொன்று. திருச்சுழிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பெரியவர், ஒன்பது மூட்டை இறக்கிவிட்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்று கொண்டிருந்தார். "தம்பி, இந்த மிஷினு எடை போடுமா, இல்ல எழுத மட்டுந்தானா?" என்று கேட்டார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்து நோட்டை எடுத்து, முதல் சிட்டையை எழுதத் தொடங்கினார்.

கேமரா ஏன் திறக்கவில்லை என்பதை அன்று இரவுதான் புரிந்து கொண்டேன். 2015, 2016ம் ஆண்டுகளில் இருந்தே குரோம் பிரவுசர், கேமரா, இருப்பிடம் போன்றவற்றை பூட்டுப் போட்ட இணைப்பில், அதாவது எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் வரும் தளங்களுக்கு மட்டுமே தருகிறது. மற்ற முக்கிய பிரவுசர்களும் இன்று அப்படித்தான். ஆனால் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் சலுகை உண்டு. பூட்டு இல்லாவிட்டாலும் "சொந்த கம்ப்யூட்டர்தானே" என்று பிரவுசர் விட்டுவிடுகிறது. நான்கு வாரமும் எனக்குக் கிடைத்தது அந்தச் சலுகைதான். கடையில் போன் வந்ததும் சலுகை போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போர்ட் எண் விஷயத்தில் பிரவுசரிடம் இரண்டு விதமான வழக்கம் உண்டு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் தகவலைப் படிக்கலாமா என்று முடிவு செய்யும்போது 3000 வேறு, 8000 வேறு என்று கறாராகப் பிரிக்கும். ஆனால் லாக் இன் விவரத்தை நினைவில் வைக்கும் குக்கீக்கு போர்ட் எண்ணே கிடையாது; லோக்கல்ஹோஸ்ட்டில் இயங்கும் எல்லாவற்றுக்கும் ஒரே குக்கீ டப்பாதான். ஒரே லேப்டாப்பில் இரண்டு அப்ளிகேஷன் வைத்திருந்து, ஒன்றில் லாக் இன் செய்ததும் மற்றொன்றில் இருந்து வெளியே தள்ளப்பட்டு, எங்கே பிழை என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள்.

சரி, ரிவர்ஸ் ப்ராக்ஸி இதில் என்ன செய்யும்? அதற்கு அந்தக் கமிஷன் கடையே நல்ல உதாரணம். (மூன்று மணி நேரம் அதற்குள்ளேயே நின்று விழித்தும் எனக்கு அன்று தோன்றவில்லை!) வத்தல் வாங்க வரும் வியாபாரி ஒவ்வொரு விவசாயியின் வீட்டையும் தேடிப் போவதில்லை. கடைக்கு வருகிறார், கேட்கிறார், சரக்கையும் பில்லையும் கடையிலேயே வாங்கிக் கொள்கிறார். பின்னால் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர் என்பது கடைக்காரருக்குத் தெரிந்தால் போதும். ரிவர்ஸ் ப்ராக்ஸியும் இப்படித்தான். பிரவுசருக்குத் தெரிவது ஒரே முகவரி. பக்கம் கேட்டால் 3000க்கும், கணக்கு கேட்டால் 8000க்கும் அனுப்பி, பதிலை வாங்கி, தானே தந்தது போல பிரவுசரிடம் கொடுத்துவிடும்.

கல்லூரி லேபில் "ப்ராக்ஸி செட்டிங்" என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது நேர் எதிர்ப் பக்கம். அங்கே மாணவர்கள் சார்பாக ஒரு கம்ப்யூட்டர் வெளியே போய்த் தளங்களைக் கேட்டு வாங்கி வரும். வேண்டாத தளங்களைத் தடுக்கும். வாங்குபவருக்காக நின்றால் ப்ராக்ஸி. விற்பவருக்காக நின்றால் ரிவர்ஸ் ப்ராக்ஸி. பெயரில் உள்ள "ரிவர்ஸ்" இதைத்தான் சொல்கிறது.

நீங்கள் தினமும் இதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் "திருச்சுழி" என்று தேடிப் படிக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். விக்கிப்பீடியாவின் முதன்மை சர்வர்கள் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் டெக்சாசிலும் உள்ளன. ஆனால் நம் ஊரில் இருந்து போகும் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வது சிங்கப்பூரில் 2018ல் இருந்து இயங்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி சர்வர்கள்தான். அந்தப் பக்கத்தை ஏற்கெனவே யாராவது கேட்டிருந்தால், அதன் நகலை அங்கேயே வைத்திருந்து உடனே தந்துவிடும். இல்லாவிட்டால் மட்டும் அமெரிக்காவுக்குப் போய் வாங்கி வரும். உங்கள் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் சிங்கப்பூரும் தெரியாது, வர்ஜீனியாவும் தெரியாது.

வாசலில் நிற்கும் வேலைக்குப் பெயர் பெற்ற சாப்ட்வேர் என்ஜின்எக்ஸ். ரஷ்யாவைச் சேர்ந்த ஈகோர் சிசோயெவ் 2002ல் எழுதத் தொடங்கி 2004ல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தாலும் ஒரு கம்ப்யூட்டரே சமாளிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் சர்வர்காரர்களுக்கு இருந்த பெரிய கவலை. அதற்கு விடையாக வந்தது இது. இன்றும் சர்வர்களுக்கு நான் முதலில் நினைப்பது இதைத்தான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, அதுவும் விண்டோஸ் என்றால், 2015ல் வந்த கேடி என்ற சாப்ட்வேரைத்தான் சிபாரிசு செய்வேன். இலவசம். ஒரே பைல், இன்ஸ்டால் செய்யும் வேலை கூட இல்லை. எல்லாவற்றையும் விட, எச்.டி.டி.பி.எஸ். பூட்டுக்கான சான்றிதழை அதுவே தயாரித்துக் கொள்கிறது. என்ஜின்எக்ஸ் என்றால் அதை நாம்தான் தனியே தயாரித்துக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் கைவிட்டுப் போகும் இடம் அதுவாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கேடிக்கு நோட்பேடில் ஒரு செட்டிங் பைல் எழுத வேண்டும். அப்ளிகேஷனின் பெயர் ஒரு வரி, "ஏ.பி.ஐ." என்று தொடங்கும் கேள்விகளை 8000க்கு அனுப்பு என்பது ஒரு வரி, மற்றவற்றை 3000க்கு அனுப்பு என்பது ஒரு வரி. அடைப்புக் குறிகளையும் சேர்த்து என்னுடைய பைல் எட்டே வரிதான். அதன் பிறகு உங்கள் புரோகிராமில் எங்கெல்லாம் "லோக்கல்ஹோஸ்ட் 8000" என்று இருக்கிறதோ, அதை எடுத்துவிட்டு வெறும் "ஏ.பி.ஐ." பாதையை மட்டும் எழுதுங்கள். பக்கம் எந்த முகவரியில் இருந்து வந்ததோ அதே முகவரிக்குக் கேள்வியும் போகும். லேப்டாப், போன், நாளை வாடகை சர்வர், எங்கே வைத்தாலும் புரோகிராமில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். முகவரி ஒன்றே என்பதால் கோர்ஸ் தகராறும் கிடையாது. எனக்குக் கடையில் வந்த மூன்று சிக்கல்களில் இரண்டு இதிலேயே தீர்ந்துவிடும், மூன்றாவதை எச்.டி.டி.பி.எஸ். தீர்க்கும்.

பெயர் வைப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு காலத்தில் புரோகிராமர்கள் பலர் தங்கள் சோதனைத் தளங்களுக்கு "டாட் டெவ்" என்று முடியும் பெயர்களை இஷ்டத்துக்கு வைத்துக் கொண்டிருந்தனர். அப்படி ஒரு பெயர்க் குடும்பம் இணையத்தில் இல்லை என்ற தைரியம். பிறகு அந்தக் குடும்பத்தை கூகுள் உரிமை பெற்றது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, டாட் டெவ் என்று முடியும் எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ்.ஸில்தான் திறக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிரவுசர் அப்டேட் ஆன மறுநாள் காலையில், அவரவர் கம்ப்யூட்டரில் இருந்த சோதனைத் தளமே திறக்கவில்லை. 2019ல் அந்தப் பெயர்கள் பொது விற்பனைக்கே வந்துவிட்டன. இத்தனைக்கும், சோதனைக்கென்று "டாட் டெஸ்ட்", "டாட் லோக்கல்ஹோஸ்ட்" உள்ளிட்ட நான்கு பெயர்களை யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைப்பதாக 1999லேயே ஆர்.எப்.சி. 2606 என்ற ஆவணம் அறிவித்திருந்தது. நான் வைத்திருக்கும் பெயர் "வத்தல் டாட் லோக்கல்ஹோஸ்ட்". இப்படி முடியும் பெயர்களை குரோம், பயர்பாக்ஸ் பிரவுசர்கள் தாமாகவே உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். டாட் டெஸ்ட் வேண்டும் என்றால் விண்டோசில் ஹோஸ்ட்ஸ் என்ற பைலில், 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பெயரை எழுதி சேவ் செய்திட வேண்டும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேவ் ஆகாது. ஆளுக்கொரு பெயர் வைத்ததும் குக்கீ டப்பாவும் தனித்தனி ஆகிவிடும். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் இருந்து வெளியே தள்ளும் தொல்லையும் தீர்ந்தது. போனுக்கு மட்டும் இந்தப் பெயர்கள் உதவாது. அங்கே லேப்டாப்பின் ஐ.பி. எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கும் கேடி சான்றிதழ் தரும். செட்டிங் பைலில் அந்த எண்ணையும் முகவரியாகச் சேர்த்துவிட வேண்டும்.

இதை மறுப்பவர்களும் உண்டு. "வைட் போன்ற கருவிகளிலேயே ப்ராக்ஸி வசதி இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று என்னோடு வேலை பார்ப்பவர்களே கேட்கின்றனர். இருக்கிறது, எழுதும்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எழுதி முடித்து, வெளியே கொடுப்பதற்கான பைல்களை உருவாக்கும்போது அந்த ப்ராக்ஸி அவற்றோடு வருவதில்லை. எந்த நாளில் தேவையோ அந்த நாளில் காணாமல் போகும் வசதி அது. இன்னும் சிலர், "நேராக கிளவுடில் ஏற்றிவிடு, எல்லாம் அங்கே தயாராக இருக்கும்" என்பர். கார்டில் பணமும், அறுந்து போகாத இணைப்பும் உள்ளவர்களுக்கு அது சரி. வேகம் குறைந்த இணைப்பில், மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு, ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றிப் பார் என்பது சரியான யோசனை ஆகாது. தன் மேஜை மேலேயே முழு இணையத்தின் நடைமுறையையும் வைத்துப் பழகிவிட்டு, கடைசியில் ஒரு முறை ஏற்றினால் போதுமே. பயிற்சி மையங்கள் முதல் பாடத்தில் இருந்து கடைசிப் பாடம் வரை 3000, 8000 என்றே ஓட்டிவிட்டு, "டிப்ளாய்மென்ட்" என்று ஒரே நாளில் இதை எல்லாம் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு நாளில்தான் மாணவர்கள் பயந்து போகின்றனர்.

ஒரே ஒரு எச்.டி.எம்.எல். பக்கம் எழுதிப் பழகுபவருக்கு இது வேண்டியதில்லை என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். ஒற்றை மூட்டை விற்பவருக்குக் கமிஷன் கடை எதற்கு?

சில எச்சரிக்கைகள். கேடி சான்றிதழ் தயாரிக்கும்போது, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மூலச் சான்றிதழும் அதற்கான ரகசியச் சாவியும் உருவாகும். மூலச் சான்றிதழைத்தான் போனில் ஏற்ற வேண்டும். சாவியை யாரிடமும் தரக் கூடாது, பென் டிரைவில் காப்பி செய்து வைக்கவும் கூடாது. அந்தச் சாவி கையில் கிடைத்தவர், உங்கள் பேங்க் தளத்தைப் போல ஒரு போலித் தளம் தயாரித்தாலும் உங்கள் பிரவுசர் அதை நம்பிவிடும். அதே போல, வேறு யாராவது தரும் மூலச் சான்றிதழை உங்கள் போனில் ஏற்றவும் சம்மதிக்காதீர்கள். ஆண்ட்ராய்ட் போன் அந்த இடத்தில் காட்டும் எச்சரிக்கை சும்மா காட்டுவதல்ல.

அடுத்தது கணக்குப் புத்தகத்தில் வரும் குழப்பம். ரிவர்ஸ் ப்ராக்ஸி வந்த பிறகு, பின்னால் உள்ள புரோகிராமுக்கு எல்லாக் கேள்வியும் 127.0.0.1ல் இருந்து வருவது போலத்தான் தெரியும், கேட்பது ப்ராக்ஸிதானே? எந்தப் போனில் இருந்து எடை பதிவானது என்று பார்த்தபோது எனக்கு எல்லா வரியிலும் இதே எண்தான் இருந்தது. உண்மையான எண்ணை ப்ராக்ஸி, "எக்ஸ்-பார்வர்டட்-பார்" என்ற தலைப்பில் சேர்த்து அனுப்பும். அதைப் படிக்குமாறு புரோகிராமில் சொல்ல வேண்டும். இந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம் என்பதால், உங்கள் ப்ராக்ஸியிடம் இருந்து வந்தால் மட்டும் நம்புமாறு அமைத்திடுங்கள். இதெல்லாம் வீட்டில் தெரிய வேண்டிய விஷயம். ஒன்பது மூட்டையோடு ஒருவர் நிற்கும்போது தெரியக் கூடாது.

அடுத்த வருடம் மாசியில் மறுபடியும் கடைக்குப் போனேன். இந்த முறை சென்னையிலேயே என் போனில், பூட்டுப் போட்ட முகவரியில், கேமரா வரை சோதித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காலை முழுவதும் சிட்டைகள் ஒழுங்காக வந்தன. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக் கொண்டிருந்தது. கேடியும் இரண்டு புரோகிராம்களும் அதில் உயிரோடுதான் இருந்தன. வைபை பெட்டி மட்டும் அணைந்துவிட்டது. சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே கையை விட்டார். வைபை பெட்டிக்கென்று சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, மறுநாள் மதுரையில் ஒன்று வாங்கி வந்தேன். நோட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.